முறை வைத்துப் பிடிக்கும் கடல்: பழவேற்காடு முதல் பாம்பன் வரை

முதல் நாள், ஞாயிறு – பழவேற்காடு

பொன்னேரியிலிருந்து வரும் பேருந்து பழவேற்காட்டை நெருங்கும்போது, தண்ணீர் கண்ணில் படுவதற்கு முன்பே சேறும் உப்பும் கலந்த ஏரியின் வாடை உள்ளே வந்துவிடுகிறது. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரியான இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருந்தாலும், அதைக் கடலோடு சேர்க்கும் தெற்கு முகத்துவாரம் இந்த ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. டச்சுக்காரர்களின் கல்லறைகளையும் பூநாரைகளையும் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் இங்கு வருகிறார்கள். நான் வந்தது பாடு முறையைப் பற்றிக் கேட்டறிவதற்காக.

கரையோரத் தமிழில் 'பாடு' என்பது ஒரு முறை கடலுக்குப் போய்க் கிடைத்ததைக் குறிக்கும். 'இன்றைக்குப் பாடு எப்படி?' என்று எந்த ஊர்க் கரையிலும் கேட்கலாம். பழவேற்காட்டில் அந்தச் சொல் ஓர் உரிமையையும் குறிக்கிறது. ஏரியில் வளர்ந்த இறால், நீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்தை நோக்கிக் கடலுக்கு இறங்கும். அந்த வழியில் கழி நட்டு வலை கட்டத் தோதான இடங்கள் சிலவே இருக்கின்றன; கட்ட விரும்புகிற கைகளோ பல. எனவே எந்த நாளில் எந்த ஊர் இறங்குவது என்று ஊர்கள் தமக்குள் முறை வைத்துக்கொள்கின்றன. ஊருக்குள் எந்தத் தலைக்கட்டுக்கு, அதாவது எந்தக் குடும்பத்துக்கு, எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். இந்த முறை மோசமான இடம் விழுந்தவருக்கு அடுத்த முறை நல்ல இடம் விழக்கூடும். வசதியுள்ளவர் கூடுதல் வலை கட்டிவிட முடியாது, முரடர் முந்திக்கொள்ளவும் முடியாது. சண்டை வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து உட்காரும்.

அமாவாசைக்கு மறுநாள் என்பதால் இன்று இரவு வலை கட்டும் முறையுள்ளவர்கள் மாலையிலேயே படகில் கழிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் படகோரத்தில் வலையைப் பிரித்துக்கொண்டே எனக்கு இதையெல்லாம் விளக்கினார். முறை இல்லாத நாளில் யாராவது வலை கட்டிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். 'அபராதம் கட்டலாம் தம்பி. அதுக்கப்புறம் ஊருக்குள்ள எப்படி நடப்பான்?' என்றார்.

இந்த ஏற்பாட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு போற்றப் போவதில்லை. பாடு ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் சில ஊர்களுக்கு மட்டுமே உரியது. அதே ஏரியில் இருளர் சமூகத்துப் பெண்களும் ஆண்களும் இடுப்பளவுச் சேற்று நீரில் நகர்ந்து, கைகளால் தடவி இறால் பிடித்து, பற்களால் கவ்விய பறிக்குள் போடுகிறார்கள். பறி என்பது ஓலையில் முடைந்த சிறு கூடை. அவர்களுக்குப் பாடு முறையில் இடமில்லை. சீட்டுக் குலுக்கும் இடத்தில் நிற்கவும் உரிமையில்லை. ஒரு நல்ல முறை, தன் வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சுவராகவும் நிற்க முடியும் என்பதை இங்கே பார்க்கிறோம். அந்தச் சுவரைத் தகர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதைத் தகர்ப்பதாகச் சொல்லி முறையையே அழித்துவிட்டால் இறாலும் மிஞ்சாது, இருளரின் பறிக்கும் எதுவும் கிடைக்காது.

தெற்கே காட்டுப்பள்ளியில் துறைமுக விளக்குகள் எரிகின்றன. சுமார் 330 ஏக்கரில் இருக்கும் அந்தத் துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கும் மேலாக விரிக்கும் திட்டத்தைப் பற்றி இங்கே பேசாத வீடு இல்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மெல்லிய மணல்திட்டை அலை அறுத்துவிட்டால் ஏரியே இல்லாமல் போய்விடும் என்று பெரியவர் பயப்படுகிறார். தண்ணீரின் ஒவ்வொரு முழத்துக்கும் யார், எப்போது என்று கணக்கு வைத்திருக்கும் ஊர்கள் இவை. கடலோர வளர்ச்சி வரைபடங்களில் அந்தத் தண்ணீர் வெறும் நீல நிறமாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் நாள், திங்கள் – ரயிலில்

எழும்பூரிலிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து பேருந்தில் பட்டுக்கோட்டை. பகல் முழுவதும் பயணத்திலேயே கழிந்ததால், சிறு மீன்பிடிப்பைப் பற்றி ஐக்கிய நாடுகள் சபையின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை வழிநெடுக வாசித்தேன். 2014 ஜூன் மாதம் ஏற்கப்பட்ட அந்த ஆவணம், சிறு மீனவர்களைப் பற்றி மட்டுமே பேசும் முதல் உலக ஆவணம். நீர்மீதும் கரைமீதும் அவர்களுக்குள்ள வழக்கமான உரிமை, பிடித்த பிறகு நடக்கும் வேலைகள், அவற்றில் பெண்களின் பங்கு, பேரிடர் என்று எல்லாவற்றையும் மனித உரிமையின் பக்கம் நின்று அது பேசுகிறது.

அதன் தொடக்கத்தில் ஒரு பெயர் இருக்கிறது. சென்னையில் இயங்கும் மீன்பிடித் தொழிலாளர் ஆதரவுப் பன்னாட்டுக் கூட்டமைப்பின் நிர்வாகச் செயலாளராக இருந்த சந்திரிகா சர்மாவின் நினைவுக்கு இந்த நெறிகள் காணிக்கையாக்கப்பட்டிருக்கின்றன. இவை உருவாக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் அவர். 2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நோக்கிப் புறப்பட்டு மறைந்துபோன மலேசிய விமானத்தில், மங்கோலியாவில் நடக்கவிருந்த இதே அமைப்பின் கூட்டத்துக்காகப் பயணம் செய்துகொண்டிருந்தார். மூன்று மாதம் கழித்து நெறிகள் ஏற்கப்பட்டபோது அவர் இல்லை. அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

2023இல் அதே அமைப்பு வேறு நிறுவனங்களோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, உலகில் பிடிக்கப்படும் மீனில் குறைந்தது 40 விழுக்காடு சிறு மீன்பிடிப்பிலிருந்து வருகிறது. மீன்பிடித் தொழிலில் வேலை செய்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் சிறு மீன்பிடிப்பையே சார்ந்தவர்கள். அதில் ஈடுபட்டிருப்பவர்களில் பத்தில் நால்வர் பெண்கள். 2015இல் உலக நாடுகள் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில், கடலுக்குரிய பதினான்காம் இலக்கின் ஒரு பிரிவும் சிறு மீனவர்களுக்குக் கடல்வளத்திலும் சந்தையிலும் இடம் உறுதி செய்யப்பட வேண்டும் என்கிறது.

மூன்றாம் நாள், செவ்வாய் – மனோரா, சேதுபாவாசத்திரம்

சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரத்தின் அடியில் நின்று பார்த்தால் பாக் நீரிணை குளம்போலத் தெரிகிறது. பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்கும் குறைவான ஆழம். வெயில் அடிவரை இறங்குவதால் தரையெல்லாம் கடற்புல். அந்தப் புல்லை மேய்ந்து வாழும் கடல் பசுவுக்கு இந்தக் கரையில் ஆவுளியா என்று பெயர். வளர்ந்த ஆவுளியா ஒன்று நாளொன்றுக்கு நாற்பது கிலோ வரை புல் தின்னும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது.

இந்தக் கடலில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கிழமை பிரித்திருக்கிறார்கள்; செவ்வாய் நாட்டுப்படகுகளின் நாள். சேதுபாவாசத்திரத்துக் கரையில் பைபர் படகுகள் ஒவ்வொன்றாக ஒதுங்க, வலையோடு நண்டைக் கரையில் குவித்து ஆணும் பெண்ணும் வட்டமாக உட்கார்ந்து கழற்றிக்கொண்டிருந்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில் விட்டுவைத்த படகு மிகக் குறைவு. இப்போது நிற்பவற்றில் பல அதற்குப் பிறகு கடன் வாங்கிக் கட்டியவை என்றார்கள்.

ஆவுளியாவைப் பற்றிக் கேட்டதும் நண்டு கழற்றிக்கொண்டிருந்த ஒருவர் தயங்காமல் பேசினார். அவருடைய தகப்பனார் காலத்தில் வலையில் சிக்கினால் அறுத்துக் கறியாக விற்றுவிடுவார்கள். சிறு வயதில் அவரும் சாப்பிட்டிருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய வலையில் ஒரு கன்று சிக்கியது. ஆவுளியா மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். வலைக்குள் சிறிது நேரம் மாட்டினாலும் மூச்சடைத்துச் செத்துப்போகும். 'வலைய அறுத்துத்தான் விட்டேன். குழந்தை மாதிரி என்னப் பார்த்துச்சு' என்றார். இப்படி விடுவிப்பவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசுத் தொகையும் தருகிறது. ஆனால் அந்த நேரத்தில், நடுக்கடலில், பல ஆயிரம் ரூபாய் வலையில் கத்தி வைப்பது என்ற முடிவை எடுப்பது ஒரு மனிதரும் அவரோடு படகில் இருக்கும் இன்னொருவரும்தான். பாதுகாப்பகம் என்பது நாளுக்கு நாள் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

சிறு படகு என்பதாலேயே அது கடலுக்குக் கேடு செய்யாது என்று சொல்ல மாட்டேன். கிழிந்த நரம்பு வலைகளை இதே கரையில் குவியலாகப் பார்த்தேன். அவற்றில் ஒரு பகுதி கடலிலேயே கைவிடப்பட்டு, யாருக்கும் பயனில்லாமல் மீனைக் கொன்றுகொண்டிருக்கிறது. சிறு மீனவருக்கும் பெரிய கப்பலுக்கும் உள்ள வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. இந்த நண்டுக்காரர் நாளைக்கும் இதே புல்வெளிக்குத்தான் வர வேண்டும். அது அழிந்துவிட்டால் வேறு கடல் தேடிப் போக அவருடைய படகால் முடியாது.

இத்தகைய பாதுகாப்பகத்தை அறிவிக்கும்போது உள்ளூர் மக்களைக் கலந்து பேச வேண்டும் என்பதும், நிர்வாகக் குழுவில் ஊராட்சியின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே உள்ளவை. அப்படி ஒரு குழு கூடியதை நினைவுவைத்திருப்பவரை இன்று கரையில் நான் சந்திக்கவில்லை. ஒரு நாள் நடந்து விசாரித்ததை வைத்து நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனாலும் கேள்வியைப் பதிந்து வைக்கிறேன்.

நான்காம் நாள், புதன் – இராமேசுவரம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, தேவிபட்டினம் வழியாக வந்து பாம்பன் பாலத்தைக் கடந்தேன். புதன் விசைப்படகுகளின் நாள். துறையில் அடுக்கடுக்காக நின்றிருந்த இழுவைமடிப் படகுகள், அதாவது கடலடியைச் சுரண்டும் பெரிய வலையை இழுத்துச் செல்லும் விசைப்படகுகள், ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு வரிசையாக வெளியேறின.

பாக் நீரிணையில் திங்கள், புதன், சனி மூன்று நாட்கள் விசைப்படகுக்கும் மற்ற நான்கு நாட்கள் நாட்டுப்படகுக்கும் என்று ஓர் ஏற்பாடு பல பத்தாண்டுகளாக நிலவுகிறது. இழுவைமடிகள் வலைகளை அறுத்துச் சென்றதால் கடலில் ஏற்பட்ட மோதல்களின் விளைவு அது. பழவேற்காட்டின் பாடு முறையை நேரில் கண்டுவிட்டு வந்ததால், ஒரு சிறு ஏரியின் முறை பெரிய அளவில் இங்கே எழுதப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. ஆனால் நாளைப் பகிரலாம், புல்வெளியைப் பகிர முடியாது. திங்கட்கிழமை ஒரு பகுதியில் கடலடி சுரண்டப்பட்டால் செவ்வாய்க்கிழமை அங்கே நண்டு வலை போடுபவருக்கு மிஞ்சுவது கலங்கல்தான்.

கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இலேயே வகுத்தது. பின்னர் அது ஐந்து கடல் மைலாக நீட்டப்பட்டது. இராமேசுவரம் தீவுக்கும் இலங்கையுடனான பன்னாட்டு எல்லைக்கோட்டுக்கும் நடுவில் இருக்கும் குறுகிய கடலில் ஐந்து மைலைக் கழித்தால் இத்தனை படகுகளுக்கு மிஞ்சுவது சொற்பம். ஆகவே ஒன்று சட்டத்தை மீறிக் கரையை ஒட்டி இழுக்கிறார்கள், அல்லது கோட்டைத் தாண்டுகிறார்கள்.

கோட்டுக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. இலங்கைக் கடற்படையின் கைதுகளும் நம் மீனவர் குடும்பங்கள் படும் துயரமும் நமக்குத் தெரியும். அந்தத் துயரம் உண்மையானது. பேசாலையிலும் நெடுந்தீவிலும் வல்வெட்டித்துறையிலும் சிறு பைபர் படகில் வலை விரிக்கும் ஈழத்து மீனவர்கள், போர் நடந்த ஆண்டுகளில் தம் கடலுக்குள்ளேயே இறங்க முடியாமல் இருந்தார்கள். 2009க்குப் பிறகு கடலுக்குத் திரும்பியவர்களின் வலைகளை இக்கரை இழுவைமடிகள் அறுத்துச் சென்றன. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. இருபுறமும் தமிழ் பேசும் சிறு மீனவர் ஒரே வகை இழப்பைச் சுமக்கிறார்கள் என்று சொல்ல இங்கே பலர் தயங்குகிறார்கள். தங்கச்சிமடத்தில் ஒரு நாட்டுப்படகுக்காரர் தயங்கவில்லை: 'அங்க அறுபடுற வலையும் எங்க வலை மாதிரிதாங்க.'

விசைப்படகுத் தொழிலாளர்களைக் குற்றவாளிகளாக நிறுத்துவதும் நியாயமாகாது. அவர்களில் பெரும்பாலோர் பங்குக்கு வேலை செய்பவர்கள். 1950களிலிருந்து, இறால் ஏற்றுமதியால் வரும் அந்நியச் செலாவணிக்காக இழுவைமடியை மானியம் கொடுத்து வளர்த்தது அரசுதான். அதை மாற்றி ஆழ்கடலுக்கு அனுப்ப 2017இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் மதிப்பில், 2,000 படகுகளை மாற்றுவது குறிக்கோள். பாதியளவைக்கூட அது எட்டவில்லை. ஒரு நாளில் போய்த் திரும்புபவரை வாரக்கணக்கில் சூரை மீனுக்குத் தூண்டில் போட அனுப்புவதற்குப் படகு மட்டும் போதாது. அந்தத் தொழிலே வேறு.

மாலையில் தேநீர்க் கடையில் கடல் ஓசை பண்பலை ஒலித்தது. 2016 முதல் பாம்பனிலிருந்து மீனவர்களுக்காகவே இயங்கும் சமுதாய வானொலி அது. காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் அறிவித்தபோது கடையில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஐந்தாம் நாள், வியாழன் – சின்னப்பாலம்

காலை ஏழு மணிக்குச் சின்னப்பாலத்துக் கரையில் பெண்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, நெற்றியில் ஏற்றிவைத்த கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. பாறையும் பவளமும் விரலை அறுத்துவிடும் என்பதால் துணியை மூன்று சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார்கள். மன்னார் வளைகுடாவின் தீவுகளை ஒட்டிய ஆழங்குறைந்த கடலில் மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுப்பது இவர்களுடைய தொழில். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுப்பார்கள்; கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட். மருந்து, உணவு, துணி ஆலைகள் வரை அவை போகின்றன.

நான் படகில் உட்கார்ந்திருந்தேன், அவர்கள் இறங்கினார்கள். ஒருவர் தலை மறையும்போது நானும் மூச்சை அடக்கிப் பார்த்தேன். அவர் மேலே வருவதற்கு வெகுநேரம் முன்பே என் மூச்சு முட்டியது. இதை அவர் ஒரு நாளில் எத்தனை நூறு முறை செய்கிறார் என்று எண்ண முயன்று, பாதியில் விட்டுவிட்டேன்.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986இல் தேசியக் கடல் பூங்கா ஆனது. அதற்கு முன் பல தலைமுறைகளாக அங்கே பாசி எடுத்த பெண்கள் அன்றோடு அத்துமீறுபவர்கள் ஆனார்கள். பிடிபட்டால் பாசியும் படகும் போய்விடும் என்ற பயத்தோடு அதற்குப் பிறகு வேலை செய்ததாக மூத்த பெண்கள் சொல்கிறார்கள். இதே தீவுகளில் இரண்டு இன்று நீருக்கு அடியில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளத்தைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்ததே அதற்கு முதன்மையான காரணம். கையால் பாசி கிள்ளியவர்களுக்கு அதில் பங்கில்லை.

பயத்துக்கு நடுவிலும் இந்தப் பெண்கள் கூடிப் பேசி ஒரு முறையை வகுத்தார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் மட்டும் கடலில் இறங்குவது. பாசி இனம்பெருக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் நிறுத்திவைப்பது. சுரண்டியால் பெயர்க்காமல், அடி பாறையில் நிற்கும்படி கையால் எடுப்பது. இந்த ஊரைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி இந்தப் பெண்களின் தலைவராக நின்று உழைத்ததற்காக 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் விருதை அவருக்கு வழங்கியது. பெர்க்லி வரை போய் அதைப் பெற்றுத் திரும்பியவர், மீண்டும் இதே கடலில் இறங்கினார்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை உண்டு. அதற்கு அரசு நிவாரணமும் தருகிறது. இந்தப் பெண்களின் தடை அவர்கள் தாமாகவே விதித்துக்கொண்டது. அரசாணையில் அது இல்லாததால், அதற்காக யாரும் எதுவும் தருவதில்லை. கடலின் நலனுக்காகத் தங்கள் கூலியை விட்டுக்கொடுத்தவர்களின் பட்டியலை யாராவது எழுதினால் இவர்கள் பெயர் மேலே வர வேண்டும். இவர்கள் மீனவர்தானா என்ற கேள்வியே இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது கடற்பாசி பெரிய பேச்சாகியிருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மதிப்பில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். மூங்கில் மிதவையில் கயிறு கட்டிக் கப்பாபைகஸ் என்ற பாசியை வளர்ப்பதால் பல குடும்பங்களுக்குச் சீரான வருமானம் கிடைக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பாசி வெளிநாட்டிலிருந்து வந்தது. குருசடைத் தீவின் பவளப் பாறைகள்மேல் அது படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் 2008இலேயே பதிவு செய்தார்கள். எந்தப் பாசியை எங்கே வளர்ப்பது என்று முடிவு செய்யும் மேசையில், தண்ணீருக்கடியில் எந்தப் பாறையில் எது முளைக்கும் என்று விரலால் அறிந்த இந்தப் பெண்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு உறுதியான எண்ணம். கருத்துக் கேட்டுவிட்டு அனுப்பிவிடுவதற்காக நான் சொல்லவில்லை; வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் வேண்டாம் என்றே முடியும் அளவுக்கான நாற்காலியைச் சொல்கிறேன்.

பகல் ஒரு மணிக்குப் படகு கரை சேர்ந்தது. ஈரப்பாசியை மணலில் பரப்பி, அதில் ஒட்டி வந்த குட்டி நண்டுகளையும் நத்தைகளையும் பொறுக்கித் தண்ணீருக்குள் எறிந்தபடியே ஓர் அக்கா என்னிடம் எந்த ஊர், திரும்பவும் எப்போது வருவீர்கள் என்று கேட்டார். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் அவர்களையும் அழைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னேன்.

'சித்திரையில வராதீங்க தம்பி. அப்ப நாங்க இறங்க மாட்டோம்' என்று சொல்லிவிட்டு, விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் பிழிந்து வெயிலில் போட்டார்.